ஈசிஆர் படகுச் சவாரி: டிக்கெட் 250 ரூபாய், அம்மாவின் மணிக்கட்டில் ஒரு பிளேட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் படகுத்துறையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம், அது முடிகிற வரைக்கும் பெயர் எங்கேயும் வர வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஈசிஆரில் ஒரு தனியார் இடம், அவ்வளவு போதும். பொங்கல், கோடை லீவு என்று வந்துவிட்டால் சென்னையிலிருந்து நாமெல்லாம் முட்டுக்காடு, முதலியார்குப்பம், கொஞ்சம் நாள் கிடைத்தால் ஏற்காடு, ஊட்டி என்று எங்கேயாவது போய் ஒரு படகில் ஏறாமல் திரும்புவதில்லை. எந்தத் துறையாக இருந்தாலும் டிக்கெட் கவுன்டரில் நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் எதைப் பார்க்க வேண்டும், தப்பித்தவறி ஏதாவது நடந்துவிட்டால் யாரைக் கேட்க வேண்டும், இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் படகோட்டிக்கு.

2025 காணும் பொங்கல். அன்றைக்குக் கடலில் இறங்கிக் குளிக்கப் போலீஸ் விடாது, அதனால் மெரினாவில் மணலில் உட்கார்ந்து வருவதைவிட உப்பங்கழிப் பக்கம் போகலாம் என்று அண்ணன்தான் சொன்னார். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஆறு வயசுப் பாப்பா, நான், என் பையன் (ஒன்பது வயசு), ஆக ஆறு பேர். வேளச்சேரியிலிருந்து காலையில் கிளம்பி மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆரைத் தொடுவதற்கே பதினொன்றரை ஆகிவிட்டது. துறையில் திருவிழாக் கூட்டம். கரும்பு ஜூஸ் வண்டி, மாங்காய் கீற்று, பலூன், எல்லாம். மோட்டார் படகு 20 நிமிஷம், ஆளுக்கு 250 ரூபாய், குழந்தைக்கும் முழு டிக்கெட். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஜிபேயில் போட்டேன்.

கவுன்டர் பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. பெயர், செல் நம்பர், கையெழுத்து. பக்கத்தின் தலையில் டைப் அடித்து ஒட்டியிருந்த நாலு வரியை நான் படிக்கவே இல்லை, பின்னால் வரிசை நிற்கிறது, பாப்பா கையைப் பிடித்து இழுக்கிறாள், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். "சொந்தப் பொறுப்பில் படகில் ஏறுகிறேன், எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்பதுதான் அந்த நாலு வரியின் சாரம் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதற்கு அப்புறம் வருகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் குவித்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிறம் வெளுத்துக் கிட்டத்தட்டச் சந்தன நிறத்துக்கு வந்துவிட்டது. முந்தின சவாரிக்காரர்கள் போட்டுக் கழற்றிய ஈரம், வியர்வை நாற்றம். எனக்குக் கொடுத்ததில் மூன்று கிளிப்பில் ஒன்று இல்லை, அந்த இடத்தில் பச்சை நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். நெஞ்சுப் பக்கம் இருக்கிற ஸ்பாஞ்சை விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது, குழி அப்படியே நின்றது. அப்போது எனக்கு அது ஒரு பழைய சாமான் என்று மட்டும்தான் தோன்றியது. உள்ளே இருக்கிற நுரை நசுங்கிப் போனால் மிதக்கும் சக்தியும் குறைந்துவிடும் என்கிற விஷயம் தெரியாது. பாப்பாவுக்கும் பெரியவர்கள் அளவுதான். "சின்ன சைஸ் இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் தண்ணில இருக்குக்கா, இதையே டைட்டா கட்டிவிட்டா போதும்" என்று சொல்லிக் கயிற்றை அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஜாக்கெட்டின் தோள்பட்டை அவள் காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு போட்டோ எடுத்தேன், அழகாக இருக்கிறாள் என்று. அந்தப் போட்டோ இப்போது மனுவில் இணைப்பாக இருக்கிறது.

படகின் பக்கவாட்டில் மங்கலாக 8 பேர் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆறு பேரோடு இன்னொரு குடும்பம் ஐந்து பேர், படகோட்டி தனி. ஏறும்போது நான் கேட்டேன். படகோட்டித் தம்பி பதில் சொல்லாமல் கவுன்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்தவர் கையை அசைத்து, "குழந்தைங்க கணக்குல வராது மேடம், ஏறுங்க, அடுத்த டிரிப்புக்கு ஆள் நிக்குது" என்றார். மூன்று குழந்தைகளைக் கழித்தால் எட்டு. டிக்கெட் போடும்போது குழந்தையும் முழு ஆள், படகில் ஏறும்போது கணக்கிலேயே இல்லை.

பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அலையாத்திச் செடி ஓரமாக ஒரு கொக்குக் கூட்டம் நின்றது. இடது பக்கம். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினோம், அண்ணன் எழுந்து நின்று செல்லை நீட்டினார், அந்த இன்னொரு குடும்பத்துப் பெண்மணியும் எழுந்தார். அதே நேரத்தில் எதிர்ப் பக்கமாக ஒரு ஸ்பீட் போட் ரொம்ப நெருக்கத்தில் கடந்து போனது. அது கிளப்பிய அலை வந்து மோதியபோது படகு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கவிழவில்லை. ஆனால் இடது விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி ஒரு வாளி தண்ணீர் உள்ளே வந்தது, அம்மா விழாமல் இருக்கக் கையை ஊன்றினார், பாப்பா சறுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சத்தம்கூட இல்லை. தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கத்துவார்கள், கையை ஆட்டுவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பெரும்பாலும் அப்படி எதுவும் நடக்காது. தண்ணீருக்கு மேலே ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் தெரிந்தது, ஜாக்கெட்டுக்கு உள்ளே முகம் எங்கே என்று தெரியவில்லை. ஜாக்கெட் மேலே மிதக்க, அவள் அதிலிருந்து கீழே நழுவிக்கொண்டிருந்தாள்.

படகோட்டித் தம்பி முதலில் இன்ஜினை அணைத்தார். அப்புறம்தான் குதித்தார். இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்று பிற்பாடு ஒரு மீனவர் எனக்குச் சொன்னார். பதற்றத்தில் இன்ஜின் ஓடும்போதே குதித்திருந்தால் படகு வட்டமடித்து வந்து விசிறி இரண்டு பேரையும் வெட்டியிருக்கும். அவள் ஜாக்கெட்டைப் பிடிக்காமல் கையைப் பிடித்துத் தூக்கினார். எல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது. இந்த ரிவ்யூவில் அந்த ஒரு மார்க் அவருக்கு.

கரைக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலுதவிப் பெட்டி சுவரில் மாட்டியிருந்தது, பூட்டியிருந்தது, சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அம்மாவின் மணிக்கட்டு முள்கரண்டியைத் திருப்பி வைத்த மாதிரி வளைந்திருந்தது, அண்ணியின் துப்பட்டாவால் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டோம். பாப்பா இருமிக்கொண்டே இருந்தாள். அதிலும் ஒன்று சொல்ல வேண்டும்: தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டோம், குழந்தை பேசுகிறது, சரி வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே போயிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில்கூட இருமல், மூச்சு வாங்குவது, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்று வரலாம், அதனால் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். அவளை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். 108 எங்களுக்கு நினைவில் இருந்தது. கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093 என்று தனி எண் இருப்பது அங்கே ஒரு பலகையில்கூட இல்லை.

மேனேஜர் வந்தார். "டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துடறோம் மேடம்" என்றார். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது, அவருடைய கை எலும்பு இரண்டு துண்டாக நிற்கிறது, எதிரே ஒருவர் 1,500 ரூபாயை எண்ணுகிறார். அந்தப் பணத்தை வாங்கவில்லை. நல்லவேளை. வாங்கியிருந்தால் கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள்.

பிளேட் வைத்து ஆபரேஷன், பிசியோதெரபி, எல்லாமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம். மெடிக்ளெய்ம் பாதிக்கு மேல் கொடுத்தது. ஆனால் அம்மா வீட்டில் தையல் தைப்பவர், பிளவுஸ், சுடிதார், மாசம் ஒரு தொகை வரும். ஐந்து மாசம் மெஷினில் உட்காரவில்லை. இப்போதும் வலது கையால் கத்தரிக்கோலை முழுதாக அழுத்த முடியவில்லை. இதற்கு யார் பதில் சொல்வது?

ஸ்கூட்டரில் போகும்போது ஒரு லாரி இடித்திருந்தால் நமக்கு வழி தெரியும். எஃப்ஐஆர், வண்டியின் இன்ஷூரன்ஸ், மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயம். தெருவுக்கு ஒரு ஏஜென்ட்கூட இருக்கிறார். படகுக்கு அப்படி ஒரு தீர்ப்பாயம் கிடையாது, அது மோட்டார் வாகனத்துக்கு மட்டும். நாங்கள் அதுகூடத் தெரியாமல் முதல் வாரம் அலைந்தோம். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர்., அதாவது ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு, போடச் சொன்னது ஒரு நர்ஸ் அம்மாதான். "எங்கே விழுந்தீங்கன்னு கேட்டா வழுக்கி விழுந்தேன்னு சொல்லாதீங்க, படகுல நடந்துச்சுன்னு சொல்லுங்க, அது அப்படியே எழுதப்படணும்" என்றார். அந்த ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் காப்பி இல்லாவிட்டால் அடுத்து எதுவுமே நகர்ந்திருக்காது.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் எஃப்ஐஆர் போடவில்லை, புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். படகோட்டி மேல் மட்டும் எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடிந்துவிடும் என்ற தொனியில்தான் பேச்சு. அண்ணன்கூட ஒரு கட்டத்தில் சரி என்று இறங்கிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தத் தம்பிக்கு ஒரு நாள் கூலி 700 ரூபாய். எத்தனை பேரை ஏற்றுவது என்பதை அவர் முடிவு செய்யவில்லை, நான் கேட்டபோது அவர் கவுன்டரைத் திரும்பிப் பார்த்ததே அதற்குச் சாட்சி. கிழிந்த ஜாக்கெட்டை அவர் வாங்கி வைக்கவில்லை. பாப்பாவைத் தூக்கியவரும் அவர்தான்.

அப்போதுதான் வக்கீல் சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 284வது பிரிவு, பழைய ஐபிசியில் 282. உயிருக்கு ஆபத்து வரும் நிலையில் இருக்கிற படகில், அல்லது அந்த அளவுக்குப் பாரம் ஏற்றிய படகில், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்வது குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை குறைவுதான், எனக்கும் ஏமாற்றம்தான். ஆனால் அந்தப் பிரிவில் ஏற்றிச் செல்கிறவரோடு ஏற்றிச் செல்ல வைக்கிறவரும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறார். அதாவது கவுன்டரில் உட்கார்ந்து கையை அசைத்தவர். அதோடு 125வது பிரிவு, அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 3 ஆண்டு வரை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். யாராவது இறந்திருந்தால் 106வது பிரிவு, 5 ஆண்டு வரை. இதையெல்லாம் எழுதி, உரிமையாளர், மேனேஜர் இரண்டு பேரையும் சேர்த்து மறுபடி புகார் கொடுத்த பிறகுதான் எஃப்ஐஆர் ஆனது.

அளவுக்கு மீறி ஏற்றுவது, ஒரு பக்கம் சாய்வது, ஜாக்கெட் சரியில்லாதது, இதெல்லாம் எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், கரையோரம் வந்த விலங்குகளைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததுதான் அன்றைக்குப் பெரிதாகப் பேசப்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று 22 பேர் இறந்தார்கள், பிக்னிக் போன குடும்பங்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் இன்னொரு 22 பேர், அனுமதித்ததைவிட அதிகமாக ஏற்றிய படகு. 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 பள்ளிக் குழந்தைகளும் 2 டீச்சர்களும். இதையெல்லாம் நானும் டிவியில் பார்த்திருக்கிறேன், அடடா என்று சொல்லிவிட்டுச் சேனலை மாற்றியிருக்கிறேன். எட்டுப் பேர் படகில் பதினொரு பேராக ஏறும்போது இதில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

படகுக்காரர்கள் தரப்பு வாதம் என்னவென்றால், "நீங்கள் எழுந்து நின்றீர்கள், அதனால் சாய்ந்தது." உண்மை. அண்ணன் எழுந்து நின்றார், அதை மறைக்காமல் மனுவிலேயே எழுதிவிட்டோம். எங்கள் பங்குக்கு நஷ்டஈட்டில் கொஞ்சம் குறையலாம் என்று வக்கீலும் சொன்னார், குறையட்டும். ஆனால் உப்பங்கழிக்குச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கொக்கு தெரிந்தால் ஜனங்கள் எழுந்து பார்ப்பார்கள் என்பது தெரியாதா? கிளம்பும் முன்னால் உட்கார்ந்தே இருங்கள், ஒரே பக்கம் சாயாதீர்கள் என்று இரண்டு வாக்கியம் யாரும் சொல்லவில்லை. எட்டுப் பேரோடு போயிருந்தால் இரண்டு பேர் எழுந்ததற்கு விளிம்பு தண்ணீரைத் தொட்டிருக்காது.

நுகர்வோர் ஆணையம் பற்றி, இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விவரமாக. காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறைபாடு என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேரடியாக மனு போடலாம். அரசு நடத்துகிற படகுத்துறையாக இருந்தாலும் டிக்கெட் வாங்கியிருந்தால் அதேதான். டிக்கெட் காசு நான் கொடுத்தது, அடிபட்டது அம்மாவுக்கு, அப்படியும் அம்மா மனு போடலாம், ஏனென்றால் சேவையை அனுபவித்தவரும் சட்டப்படி நுகர்வோர்தான். எந்த ஊர் ஆணையம் என்று குழம்ப வேண்டாம், சம்பவம் நடந்த மாவட்டத்துக்கு அலையாமல் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நாங்கள் சென்னையிலேயே போட்டோம். மாவட்ட ஆணையமா மாநில ஆணையமா என்பதும் கட்டணமும் நீங்கள் கேட்கிற நஷ்டஈட்டை வைத்து இல்லை, சேவைக்குக் கொடுத்த காசை வைத்துத்தான். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, படகு டிக்கெட் எங்கே அந்த அளவுக்குப் போகப் போகிறது? சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஆன்லைனிலும் போடலாம். முதலில் விவரம் கேட்க மட்டும் 1915 என்ற உதவி எண் இருக்கிறது, நான் கூப்பிட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

அந்த "சொந்தப் பொறுப்பு" கையெழுத்து? அதைப் பார்த்துத்தான் பல பேர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள், நாங்களும் அப்படித்தான் இருந்தோம். திடீரென்று காற்றடித்தது, எதிர்பாராத அலை வந்தது என்கிற மாதிரி சவாரியோடு கூடவே வருகிற ஆபத்துக்கு அந்தத் தாள் ஓரளவு பேசலாம். கிளிப் உடைந்த ஜாக்கெட்டுக்கும் மூன்று பேரை அதிகம் ஏற்றியதற்கும் அது கேடயம் ஆகாது என்பதுதான் எங்கள் வக்கீலின் வாதம். தன் அலட்சியத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒருவர் டிக்கெட்டில் அச்சடித்துக்கொண்டால் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாது, அதுவும் பேரம் பேச வழியே இல்லாமல், கையெழுத்துப் போட்டால் ஏறு, இல்லாவிட்டால் நகரு என்று நீட்டுகிற தாளை. அதனால் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

டிக்கெட்டைப் பற்றி ஒரு விஷயம். அது தெர்மல் பேப்பர். மூன்றே வாரத்தில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது, இப்போது வெறும் வெள்ளைத் தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கத்தையும் செல்லில் படம் எடுத்து வைத்ததால் தப்பித்தோம். ஜிபே மெசேஜும் கைகொடுத்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அங்கே போனதற்கே ஆதாரம் தேட வேண்டியிருந்திருக்கும்.

இயந்திரத்தில் ஓடுகிற படகுகளுக்கு 2021இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது, 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. படகைப் பரிசோதித்த சான்றிதழ், பதிவு, ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று, உயிர் காக்கும் சாதனங்கள், இன்ஷூரன்ஸ், எல்லாம் அதில் வருகிறது. நாங்கள் நோட்டீஸ் அனுப்பி இந்தக் காகிதங்களைக் கேட்டோம். பதில் நோட்டீஸில் "சொந்தப் பொறுப்பு" நாலு வரிதான் திரும்ப வந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசி நம்பர் இன்றுவரை வரவில்லை. கவுன்டரில் நிற்கும்போதே படகுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும். இருக்கிற இடத்தில் உடனே சொல்வார்கள்.

அதே துறையில் வாட்டர் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறார்கள், பெடல் படகும் உண்டு. நாம் ஓட்டுகிற சமாச்சாரத்தில் பொறுப்பு நம் பக்கமும் வருகிறது. அலட்சியமாக ஓட்டி இன்னொருவரை இடித்தால் நியாய சன்ஹிதாவின் 282வது பிரிவு (பழைய ஐபிசி 282 இல்லை, இது வேறு) ஓட்டியவர் மேல் பாயும், வாடகைக்கு எடுத்தவர்தானே என்று விடாது. பெரும்பாலான வாட்டர் ஸ்கூட்டர்களில் பிரேக் கிடையாது என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. இன்னும் மோசமானது, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் அது திரும்பாது, பின்னால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற வேகத்தில்தான் அது திசை மாறுகிறது. எதிரே படகு வந்தால் பைக் ஓட்டிய பழக்கத்தில் கை தானாக ஆக்சிலரேட்டரை விடும், ஹேண்டிலைத் திருப்பும், அது நேராகப் போய் மோதும். இதைச் சொல்லிக் கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். அன்றைக்கு அங்கே ஒரு காலேஜ் பையனுக்குச் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பியதை நான் பார்த்தேன். கையில் மாட்டுகிற சுருள் கயிறு, ஆள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது, அது ஹேண்டிலில் சுற்றிக் கிடந்தது, அவன் கையில் இல்லை. தம்பி தங்கைகளை அனுப்புகிறவர்கள் அந்தக் கயிறு கையில் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

ஜாக்கெட்டைப் போட்டதும் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அளவு பெரிது, தண்ணீரிலும் அதேதான் நடக்கும். குழந்தை ஜாக்கெட்டில் கால்களுக்கு நடுவே போகிற பட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாப்பா மாதிரி நழுவிவிடுவார்கள். உள்ளே லேபிள் இருந்தால் போடுகிறவரின் எடையும், மிதக்கும் சக்தியைக் காட்டுகிற ஒரு எண்ணும் இருக்கும். 50 என்றால் நீச்சல் தெரிந்தவர்களுக்கு உதவி, அவ்வளவுதான். நீச்சல் தெரியாதவர்களுக்கு 100 அல்லது அதற்கு மேல். நான் பிற்பாடு பாரிமுனையில் கடை கடையாகத் தேடி பாப்பாவுக்கு ஒன்று வாங்கினேன், 25 கிலோவுக்குள் என்று எழுதியிருக்கிறது, காலர் தடிமன், தலையைத் தாங்கும். அவள் இன்னும் தண்ணீர்ப் பக்கம் வர மாட்டேன் என்கிறாள். ஜாக்கெட் பீரோவில் இருக்கிறது.

போன மாசம் தனியாக அந்தத் துறைக்குப் போய்ப் பார்த்தேன். எதையும் கேட்கவில்லை, வரிசையில் நின்றேன். அந்தப் படகோட்டித் தம்பி அங்கே இல்லை, மகாபலிபுரம் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். படகின் பக்கத்தில் 8 என்ற எண்ணைப் புதிதாகச் சிவப்புப் பெயின்டில் அடித்திருக்கிறார்கள். நீல டிரம் போய், கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்ட புது ஜாக்கெட்டுகள். நோட்டு அப்படியேதான் இருக்கிறது, தலையில் அதே நாலு வரி. என் முறை வந்தபோது குழந்தை சைஸ் ஜாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். கவுன்டரில் புதுப் பையன். "இருக்கு மேடம். குழந்தை எத்தனை கிலோ?" என்றான்.